யார் கையில் கயிறு?
முத்துக்குளித்துறைச் சுவர்களில் ஒரு திரில்லர் போஸ்டர்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது. வாளி நிறைய மைதாப் பசை. மாடு தாளோடு சேர்த்து நக்கித் தின்றுவிடாமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சியது. ஒருவர் விளக்குமாற்றால் பசையை இழுத்து விடுகிறார், ஏணியில் நிற்பவர் மடித்த தாளைப் பிரிக்கிறார். முதல் தாளில் பாதி நெற்றியும் கறுப்பு வானமும். அடுத்த தாளில் மீதி நெற்றி. கீழ் வரிசைத் தாளை ஏற்றும்போதுதான் கோளாறு தெரிகிறது. கதாநாயகனின் இரண்டு கண்களும், மேல் தாளும் கீழ்த் தாளும் சேரும் விளிம்பில் சரியாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. தாள் கொஞ்சம் விலகினாலும் இமை ஒரு பக்கம், விழி ஒரு பக்கம். ஈரத்தாளை உரிக்கிறார், மறுபடி ஒட்டுகிறார், உள்ளங்கையால் தடவித் தடவி விளிம்பைச் சேர்க்கிறார்.

“யாரு அண்ணாச்சி கொலைகாரன்?” என்று கேட்கிறார் டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்கிறவர்.

“படம் பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க” என்கிறார் ஏணியில் இருப்பவர்.

அந்தக் கேள்வி வந்துவிட்டால் போஸ்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் 600 கிலோமீட்டர் தள்ளி, சென்னையில், கம்ப்யூட்டர் திரையில் ஒட்டுப்போடாத முழுப் படமாகப் பார்த்து அதை வடிவமைத்தவருக்கு இந்த விளிம்பு தெரியாது. இந்த ஊரும் தெரியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. தமிழில் வாரத்துக்கு ஒரு திரில்லராவது வந்துகொண்டிருக்கிறது. கதை துறைமுகத்தில் நடக்கிறது என்றால் கறுப்பும் நீலமுமாக ஒரு கடல், பின்னால் கன்டெய்னர், முன்னால் அரிவாளோ துப்பாக்கியோ என்று ஒரே அச்சில் வார்த்த போஸ்டர்கள். தூத்துக்குடியின் பெயரைப் போட்டும் அதேதான், போடாமலும் அதேதான்.

மறைப்பதும் ஒரு வேலை

குடும்பப் படத்தின் போஸ்டரில் இருப்பதையெல்லாம் காட்டலாம். அண்ணன், தம்பி, கல்யாணம், கோயில் என்று கூட்டமே நிற்கலாம். திரில்லருக்கு அது ஆகாது. படத்தின் உயிரான ஒரு விஷயத்தை மறைக்க வேண்டும். ஏதோ மறைந்திருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் போஸ்டர் செத்துவிடும்.

தமிழ் சினிமா இந்தச் சிக்கலை 1954-லேயே சந்தித்தது. ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை. சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிறார். ஒரு படத்தை விற்க அன்று என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கதையிலேயே இல்லை. மிச்சம் இருந்தது சுட்டது யார் என்ற கேள்வி மட்டும். படம் தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது, வசூலில் தோற்றது. கேள்வியை மட்டும் வைத்து ஆளைத் தியேட்டருக்குள் இழுக்கும் கலை அப்போது இங்கே பழகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு பழகியது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) பெயரிலேயே நிறத்தை வைத்துக்கொண்டது. மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) படத்துச் சத்யராஜின் மொட்டைத் தலையையும் வட்டக் கண்ணாடியையும் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. ‘ராட்சசன்’ (2018) குழு இன்னும் ஒரு படி போய், கொலைகாரனாக நடித்தவரை விளம்பரத்திலிருந்தே ஒளித்து வைத்தது. கதையில் கொலைகாரன் விட்டுச் செல்லும் சிதைந்த பொம்மைத் தலையே அச்சத்துக்குப் போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டில் இதற்கு இலக்கணம் எழுதியவர் வடிவமைப்பாளர் சால் பாஸ். ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ (1959) படத்துக்கு அவர் தந்தது துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய ஒரு மனித உருவம். நட்சத்திரத்தின் முகம் அவருக்குத் தேவைப்படவில்லை. அதே காலத்தில் இங்கே நாம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம். 1957-ல் ‘வணங்காமுடி’க்காகச் சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கட்-அவுட்டின் உயரம் 80 அடி என்பார்கள். அந்தப் பிரம்மாண்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முகத்தைப் பெரிதாக்கும் அந்தப் பழக்கம் நம் திரில்லர் போஸ்டர்களை இன்னும் விடவில்லை. கதை எதுவானாலும் நாயகன் முறைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார்.

துறைமுகத்தில் நிஜமாகவே நடந்தவை

வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய கரை இது. இன்றைய பெருந்துறைமுகம் 1974 ஜூலை 11-ல் வந்தது, 2011-ல் அவர் பெயரைப் பெற்றது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணிகள் இன்னும் இருக்கின்றன.

இந்தத் தண்ணீரில் நடந்தவற்றைத் திரைக்கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள். 2019 ஆகஸ்ட் 1-ம் தேதி, ‘விர்கோ-9’ என்ற இழுவைக் கப்பல் தூத்துக்குடிக்கு அருகே மறிக்கப்பட்டது. அதில் இருந்தவர் மாலத்தீவின் முன்னாள் துணை அதிபர் அகமது அதீப். 2021 ஏப்ரலில், மரத்தடி ஏற்றி வந்த ஒரு கன்டெய்னரில் சுமார் 300 கிலோ கொக்கைனை வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று சின்னக் கடத்தல்கள் மாதந்தோறும் உள்ளூர்ப் பதிப்புகளில் வந்துகொண்டே இருக்கும்.

இவற்றுக்கு நடுவே ஒரு வழக்கை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பல் ஆயுதங்களோடு பிடிபட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பலில் 35 பேர். பிரிட்டிஷ்காரர்கள், எஸ்தோனியர்கள், உக்ரேனியர்கள், இந்தியர்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஜூலை 5-ல், ‘சிங்கம் 2’ வெளியாகியிருந்தது. தூத்துக்குடித் துறைமுகம், வெளிநாட்டு வில்லன், கப்பல், கடத்தல், தனி ஆளாக மோதும் போலீஸ் நாயகன் துரைசிங்கம். ஊரில் டீக்கடைக்கு டீக்கடை இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள்.

அந்த 35 பேரும் தங்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் காவலர்களும் கப்பல் ஊழியர்களும் என்றார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. பிடிபட்ட நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பல், துப்பாக்கி, வெள்ளைக்காரன் என்று மூன்று படத்தை ஒரே தாளில் ஒட்டினால் குற்றவாளி யார் என்பது நமக்கு நொடியில் தெரிந்துவிடுகிறது. நீதிமன்றம் நான்கு ஆண்டு கழித்து அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்றது. அந்த நொடித் தீர்ப்பைப் பழக்கிவிட்டதில் போஸ்டருக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

ஊரின் பெயர் சுவரில் ஏறும்போது

2006-ல் ‘தூத்துக்குடி’ என்றே ஒரு படம் வந்தது. ஹரிகுமாரும் கார்த்திகாவும் நடித்தது. ‘கருவாப்பையா’ பாட்டு தமிழ்நாடு முழுக்க ஓடியது. கூடவே ஊரின் பெயரும் அடிதடிக்கு அடையாளமாக ஓடியது. 2010 மே 28-ல் வந்த ‘சிங்கம்’ இதே மாவட்டத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரிடமிருந்து தொடங்குகிறது. முறுக்கிய மீசை, காக்கிச் சட்டை, பாயத் தயாரான உடம்பு. போஸ்டராக அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. பஸ்ஸில் போகிறவர் தலையைத் திருப்பாமல் போக முடியாது.

பிறகு இந்த மாவட்டத்தில் வேறு காட்சிகள் வந்தன. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியில் ‘சிங்கம்’ படங்களின் இயக்குநர் ஹரி, காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அறிக்கை விட்டார். தமிழ் சினிமாவில் அப்படி ஒரு அறிக்கை அபூர்வம். அதை நான் மதிக்கிறேன்.

போஸ்டர் போடுகிறவர்கள் அந்த அறிக்கையைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள வேண்டும். லத்தியை உயர்த்திய காக்கிச் சட்டை சென்னையில் வெறும் ‘மாஸ்’ ஸ்டில்லாக இருக்கலாம். சாத்தான்குளம் பஜாரில் அதே தாளை ஒட்டும்போது, கடைக்குப் போகும் ஒரு குடும்பம் அதைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. சுவர் யாருடைய தெருவில் இருக்கிறது என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

படம் வந்த பிறகும் போஸ்டர் ஓயாது என்பதற்குப் பெரிய சாட்சி ‘ஜாஸ்’ (1975). மேலே நீந்தும் ஒரு பெண், கீழே வாய் பிளந்து ஏறி வரும் சுறா, நடுவில் நீர்க்கோடு. ரோஜர் கேஸ்டல் வரைந்தது. உலகம் முழுக்கச் சுறா என்றால் இன்றும் அந்தப் படம்தான் மனதில் வருகிறது. மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, சுறாக்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து மனம் நொந்து, மீதி வாழ்நாளில் கடலுயிர்களைக் காப்பதற்காகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மீனுக்கே இந்தக் கதி என்றால், ஊருக்கு?

┌──────────────
பெட்டிச் செய்தி: முத்துச் சலாபம்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தோலாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. தூத்துக்குடியில் கடைசியாக அரசு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு சிப்பி அந்த அளவுக்கு விளையவில்லை. 1973-ல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் கே.அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. அதே ஆண்டு அக்டோபரில்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது. சினிமா வினியோகக் கணக்கில் மட்டும் அது இன்னும் ‘டி.கே. ஏரியா’, அதாவது திருநெல்வேலி–கன்னியாகுமரி.
──────────────┘

இந்தக் கடலின் பயம் வேறு

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தால், இந்தக் கரையில் திரில்லருக்குப் பஞ்சமே இல்லை.

மார்க்கோ போலோ இந்த வளைகுடாவின் முத்துக்குளிப்பை எழுதும்போது, பெரிய மீன்கள் குளியாளிகளைத் தீண்டாமல் மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். பிற்காலத்தில் இந்த வேலையைச் செய்பவருக்குக் கடல்கட்டி என்று பெயர். வெள்ளைக்காரன் ஆட்சியிலும் சலாபத்தில் அவருக்கு இடம் இருந்தது. மந்திரத்தை நம்பாத அதிகாரிகளும் அவரை விலக்கத் தயங்கினார்கள், அவர் கரையில் இல்லையென்றால் ஆட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். பகல் முழுக்கக் கரையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் ஒரு மனிதர். அவர் முகத்தில் நம்பிக்கை இருந்ததா, பயம் இருந்ததா? ஒரு போஸ்டருக்கு இதைவிட என்ன வேண்டும்!

அதைவிட என்னைப் பிடித்து வைத்திருப்பது கயிறு. குளியாளி கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார். கீழே ஒரு நிமிடம், தேர்ந்தவர் என்றால் அதற்குக் கொஞ்சம் மேல். கையால் சிப்பியைத் துழாவிப் பையில் அள்ளி, கயிற்றை இழுத்து அசைப்பார். மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். தூக்குகிறவர் யார்? மனைவியின் கூடப் பிறந்தவன் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு.

சொத்தையும் அன்பையும் மூச்சையும் ஒரே கயிற்றில் கட்டிய ஏற்பாடு அது. மச்சானுக்கும் மச்சானுக்கும் முதல் நாள் ராத்திரி ஒரு வார்த்தை தடித்திருந்தால்? கயிறு அசைந்தது தெரிந்தும் ஒருவன் மூன்று எண்ணும் வரை பேசாமல் இருந்தால்? கொலைக்குக் கத்தி வேண்டாம், சாட்சியும் இருக்காது. ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களில் இந்தக் கடலோர வாழ்க்கையை அத்தனை பக்கத்திலிருந்து காட்டியிருக்கிறார். ஆனால் திரில்லர் எடுப்பவர்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. 2025 மார்ச்சில் வந்த ‘கிங்ஸ்டன்’ தூத்துக்குடிக் கடற்கரைக் கிராமத்தை எடுத்துக்கொண்டு, கடலுக்குள் பேயைத் தேடியது. முயற்சியை வரவேற்கிறேன். ஆனால் எனக்குப் படகின் மேல் இருக்கும் மனிதனிடம்தான் அதிகப் பயம்.

அப்படியொரு போஸ்டர் போட்டால்

அந்தக் கதைக்குப் போஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் தீர்க்க வேண்டியது, எதைச் சொல்லக் கூடாது என்பது. இங்கே சொல்லக் கூடாதது மச்சானின் முகம். அவர் நல்லவரா இல்லையா என்பதுதான் படமே. எனவே முகம் போகட்டும், கை இருக்கட்டும். தோல் தடித்து, உப்பில் வெடித்து, கயிறு தேய்த்த தழும்போடு ஒரு கை. கயிறு அதிலிருந்து கீழே போகிறது. தளர்வாக.

தளர்வு முக்கியம். விறைத்த கயிறு என்றால் கீழே ஆள் இருக்கிறார், இழுக்கிறார், பிழைப்பார். தளர்ந்த கயிறு அந்தச் செய்தியைத் தராது. நாயகனின் முகம் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்பார், கேட்பது நியாயம்தான், அவர் போட்டது கோடிக்கணக்கான பணம். இரண்டாம் லுக்கில் முகத்தைக் கொடுக்கலாம். அப்போதும் நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் முகமாக இருக்கட்டும்.

நிறத்துக்கு இருட்டைத் தேடிப் போக வேண்டாம். முத்துக்குளிப்பு பகல் வெயிலில், தண்ணீர் தெளிந்திருக்கும்போது நடக்கிற வேலை. இந்த ஊரில் ஒளிதான் கண்ணைக் குத்தும். நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளையும் மாநிலம் நம்முடையது, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து அளங்களில். மே மாதப் பகலில் உப்பளத்துப் பாத்தியைப் பார்த்தவர்களுக்கு வெள்ளையும் பயங்கரமான நிறம் என்பது புரியும். தாளில் முக்கால் பங்கு அந்த வெள்ளையை விட்டுவிடலாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் பத்துக் கறுப்பு போஸ்டர்களுக்கு நடுவே இதுதான் கண்ணில் அறையும்.

படகு சரியாக இருக்க வேண்டும். சென்னைக் காசிமேட்டில் எடுத்த ஸ்டில்லை வைத்துத் தூத்துக்குடி என்றால் திரேஸ்புரத்துப் பையன் சிரித்துவிடுவான். இங்குள்ள படகின் பதிவு எண்ணில் டி.என்-க்குப் பின்னால் 12 வரும். வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, வேறு, விசைப்படகின் அணியம் வேறு. கதை 1961-க்கு முன்பு நடக்கிறது என்றால் டீசல் இன்ஜினும் நைலான் கயிறும் எட்டிப் பார்க்கக் கூடாது.

பிறகு சுவர். 30-க்கு 40 அங்குலத் தாளா, இரண்டு ஷீட்டா, ஆறு ஷீட்டா என்று முன்பே கேட்டு, சேர்க்கும் கோடுகளை வடிவமைப்பின் மேலேயே வரைந்துவிட வேண்டும். கயிறு அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கலாம், கொஞ்சம் விலகி ஒட்டினாலும் கெட்டுப்போகாது. கை கடக்கக் கூடாது. அடியில் தியேட்டர் பெயர்ச் சீட்டு ஒட்ட வெற்றிடம் விட வேண்டும். சார்லஸ், பாலகிருஷ்ணா, கிளியோபாட்ரா என்று இந்த ஊர் தியேட்டர்ப் பெயர்களைச் சுமந்த சீட்டுகள் டைட்டிலையே மூடிக்கொண்டு நின்ற போஸ்டர்கள் எத்தனையோ.

┌──────────────
பெட்டிச் செய்தி: தாளுக்கும் சட்டம் உண்டு

தணிக்கைச் சான்று பெற்ற படத்தின் விளம்பரத்தில் சான்றின் வகையைக் குறிப்பிட வேண்டும். யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. திரில்லர்கள் பெரும்பாலும் 16+ அல்லது ஏ. புகையிலைப் பொருளையோ புகைப்பதையோ போஸ்டரில் காட்டக் கூடாது என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. 2018-ல் ‘சர்கார்’ ஃபர்ஸ்ட் லுக்கில் விஜய் சிகரெட்டோடு இருந்ததற்குத் தமிழ்நாடு சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, அந்தப் படம் நீக்கப்பட்டது. பொது இடங்களை விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது.
──────────────┘

சுவரிலிருந்து உள்ளங்கைக்கு

போஸ்டரின் முதல் வீடு இன்று சுவர் இல்லை. ஃபர்ஸ்ட் லுக் சாயங்காலம் ஐந்து மணிக்கோ ஆறு மணிக்கோ செல்போனில் வருகிறது, ராத்திரிக்குள் ரசிகர்கள் அதை அலசி முடித்துவிடுகிறார்கள். எந்த வெளிநாட்டு போஸ்டரின் நகல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்து, பின்னணியில் உள்ள கடிகாரத்தின் நேரத்திலிருந்து கதையைக் கணிக்கிறார்கள். இது வடிவமைப்பாளருக்கு நெருக்கடி, அதே சமயம் பெரிய வாய்ப்பும்கூட. தாளில் கவனிக்கப்படாமல் போயிருக்கும் சின்னச் செய்திகளைத் தேடி எடுக்க இப்போது ஆயிரம் கண்கள் இருக்கின்றன. கயிற்றின் முடிச்சில் ஒரு துப்பை ஒளித்து வைத்தால், கண்டுபிடிக்க ஆள் உண்டு.

இழந்தவர்களும் இருக்கிறார்கள். கையால் பேனர் எழுதியவர்களின் வேலையை இருபது வருடத்துக்கு முன்பு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு போனது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து 23 வயதுப் பெண் உயிரிழந்த பிறகு, பேனர் வைக்க வேண்டாம் என்று நடிகர்களே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அது சரியான முடிவு. சிவகாசியில் அச்சாகி வரும் தாள் போஸ்டர் மட்டும் மெலிந்து, இன்னும் ஓடுகிறது. அதை ஒட்டுகிறவருக்கு ராத்திரிக் கூலிதான், படம் நூறு நாள் ஓடினாலும் அதே கூலிதான்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க எனக்கு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வடிவமைப்பவருக்கு ஒருவரிக் கதையும் பத்து ஸ்டில்லும் அனுப்பிவிட்டு நாளைக்குள் போஸ்டர் கேட்காதீர்கள். முழுத் திரைக்கதையைப் படிக்கக் கொடுங்கள், தூத்துக்குடிக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். திரேஸ்புரத்தில் ஒரு காலை, உப்பளத்தில் ஒரு மத்தியானம், பழைய துறைமுகத்தில் தோணி ஏறும் நேரம் ஒரு சாயங்காலம் அவர் சும்மா நின்று பார்க்கட்டும்.

இரண்டாவது, அந்தக் கை. அதைச் சென்னையில் ஒரு ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கு மேக்கப் போட்டு எடுக்காதீர்கள். முத்துக்குளிப்பு நின்றாலும் இந்த ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேளுங்கள். ஒரு நாள் கடலுக்குப் போகாததற்கு ஆகும் நஷ்டத்துக்கு மேல் கொடுங்கள். சம்மதித்தால், நடிகர்கள் பெயர் வரும் வரிசையில் அவர் பெயரும் வரட்டும்.